எம்ஜிபியில் ரோவர் வி8: எஞ்சினை இறக்கும் முன் போட வேண்டிய திட்டம்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு ரோவர் 3.5 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) வைப்பது துணிச்சலான பரிசோதனை ஒன்றும் இல்லை. 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே ஜிடி வி8 என்று 2,591 கார்களை இப்படிச் செய்து விற்றது. வி8-இன் பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம் என்பதால் முன்பக்க எடை பெரிதாக மாறாது. ஸ்பேனர் பிடித்துப் பழகாதவரும் இதைத் திட்டமிடலாம்; வெல்டிங், வயரிங் போன்றவற்றை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாப் பாகமும் கைக்கு வந்த பிறகுதான் ஓடுகிற எஞ்சினில் கை வைக்க வேண்டும். பிரித்துப் போட்டுவிட்டுப் பாகம் தேடினால் வண்டி வருடக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும்.

1. எந்த பாடி?
1974 கடைசியில் வந்த ரப்பர் பம்பர் பாடியின் எஞ்சின் அறை வி8-க்கும் பொதுவானது. அது இருந்தால் பாதி வேலை குறைந்தது. குரோம் பம்பர் காரில் உள் ஃபெண்டரைத் தட்டி இடம் பண்ண வேண்டியிருக்கும்.

2. எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள்
ரோவர் எஸ்டி1 காரின் எஞ்சினும் அதன் ஐந்து கியர் எல்டி77 கியர்பாக்ஸும் நல்ல ஜோடி. பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்டர் மோட்டார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் வாங்கினால், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனை கிராங்கில் உள்ள புஷ்ஷில் உட்காராமல் போகலாம்.

வாங்கும்போது ராக்கர் கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கருப்புக் களிபோல் படிந்திருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை என்று பொருள். இந்த எஞ்சினில் முதலில் தேய்வது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் டேப்பட்டும்தான். கிராங்கைக் கையால் சுற்றி, ராக்கர்கள் எல்லாம் ஒரே அளவு ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். 4.0, 4.6 லிட்டர் எஞ்சின்கள் ஆசை காட்டும். அவற்றில் லைனருக்குப் (சிலிண்டரின் உள்ளுறை) பின்னால் பிளாக் விரிசல் விட்டு கூலன்ட் கசிவது தெரிந்த பிரச்சினை. முதல் முறைக்கு 3.5 போதும்.

3. ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும்
பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வலது கை ஸ்டீயரிங் வண்டியில் வலப்பக்க மேனிஃபோல்டு ஷாஃப்ட்டை ஒட்டியே இறங்கும். எஞ்சினை வைத்துவிட்டு, "இடைவெளி இருக்கிறது" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு காரணம்.

ஷாஃப்ட்டைவிட அதன் யுனிவர்சல் ஜாயின்ட் பருமன். ஸ்டீயரிங் சுற்றும்போது ஜாயின்ட்டின் மூலை வெளியே வீசிச் சுழலும். நேராக நிற்கும்போது விரல் நுழைகிற இடம், கால் சுற்றில் உரசும். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் சாயும். இடப்பக்கம் எழும்பி, வலப்பக்கம் கீழே அமுங்கும், அதாவது ஷாஃப்ட்டை நோக்கி.

ஆகவே மவுன்ட் போல்ட்டுகளை முழுதாக இறுக்கி, ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து எஞ்சினின் இடப்பக்கத்தை ஒருவர் தூக்க, இன்னொருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகச் சுற்றட்டும். மிகக் குறுகிய இடத்திலும் 12 மிமீ இருக்க வேண்டும். சூட்டில் மேனிஃபோல்டு விரியும், மவுன்ட் ரப்பர் நாளடைவில் அமுங்கும். இடம் போதாவிட்டால் ஷாஃப்ட்டை அரைத்துத் தேய்க்காதீர்கள்! உள் ஃபெண்டரில் ஓட்டை போட்டு வெளியே செல்லும், எம்ஜியின் ஆர்வி8 காரில் வந்த வகை மேனிஃபோல்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எஞ்சின் அறைச் சூடும் சேர்ந்து குறையும். என் ஓட்டு அதற்கே.

இந்தச் சோதனை பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

4. பானட் உயரம்
எஸ்டி1-இன் எஸ்யூ கார்புரேட்டர்கள் அப்படியே வைத்தால் பானட்டில் முட்டும். தாழ்வான இன்டேக் மேனிஃபோல்டில் ஒற்றை எடல்பிராக் 500 கார்புரேட்டர் வைப்பது எளிது. ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டைகள் வைத்து பானட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். 10 மிமீக்குக் கீழே என்றால் ஃபில்டரை மாற்றுங்கள்.

5. பின் ஆக்ஸில்
எம்ஜிபி ஆக்ஸிலின் 3.9 விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) அப்படியே விட்டால் முதல் கியர் பயனற்றுப் போகும். ஜிடி வி8-இல் இருந்தது 3.07. அதே வேகத்தில், அதே கியர் விகிதத்தில், 3.9 ஆக்ஸில் எஞ்சினை 27 சதவீதம் கூடுதலாகச் சுற்றவைக்கும். முன் பிரேக்கையும் வி8 அளவுக்கு மாற்ற பட்ஜெட் ஒதுக்குங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு அளவெடுக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு எடுத்த அளவு பொருந்தாது. ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, இரண்டு மின்விசிறி வையுங்கள். கூலன்ட்டில் அலுமினியத்துக்கான அரிப்புத் தடுப்பான் கட்டாயம்.

6. காகிதங்கள்
பிரிட்டனில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறியதை வி5சி பதிவுச் சான்றில் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்; பின்னால் சொன்னால் சில நிறுவனங்கள் மறுத்துவிடலாம்.

7. முதல் ஸ்டார்ட்
இதன் ஆயில் பம்ப் நாள்பட நின்றாலோ பிரித்து மாட்டினாலோ ஆயிலை இழுக்காது. பம்ப் கியர்களுக்கிடையே வாஸ்லைனை நிரப்பி மூடுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து, அந்தத் துளை வழியாக ட்ரில்லால் பம்பைச் சுற்றுங்கள். கேஜில் அழுத்தம் காட்டிய பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வையுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2.