கருப்பட்டிக் கொட்டானும் எறும்புச் சாரையும்

சாயல்குடிப் பக்கத்து வீடுகளில் ஓலைக் கொட்டானில் வைத்த கருப்பட்டியை எறும்பு மொய்த்துவிட்டால், சாரையை நசுக்கவே முதலில் கை போகிறது. அது வீண் வேலை. இரையைக் கண்டு திரும்பும் எறும்பு வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வாசனைத் தடத்தை இட்டுச் செல்வதால், பத்து எறும்பைக் கொன்றாலும் அந்தத் தடம் அழியாத வரை புதியவை வந்துகொண்டே இருக்கும். ஆகவே சாரை வந்த வழி நெடுகிலும், சுவர் வெடிப்பு வரைக்கும், சோப்பு நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைத்த இடத்தின் விளிம்புக்கு வரும் எறும்பு உணர்கொம்புகளை ஆட்டியபடி திகைத்து அலைவதைக் கண்ணாலேயே காணலாம்.

நீர் ஊற்றிய தாம்பாளத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கொட்டானை வைப்பது பழைய வழக்கம். கடற்காற்றில் பறக்கும் தூசி நீர்மேல் படிந்துவிட்டால் சிற்றெறும்புகள் அதன்மீதே நடந்து கடந்துவிடும் என்பதால், நாள்தோறும் நீரை மாற்றி, மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்க இரண்டு சொட்டு சோப்புக் கரைசலையும் சேர்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புற்றுக்குள் நீர் புகும்போது, வெள்ளை மணிகளைக் கவ்விக்கொண்டு எறும்புகள் வீட்டுக்குள் குடியேறும். முட்டை என்று நாம் சொல்லும் அவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. அந்தப் புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். இனிப்பே இல்லாத கருவாட்டுப் பானையையும் எறும்பு தேடி வருவது அதனால்தான். பானையின் வாயைத் துணியால் கட்டுவது போதாது, இறுக்கமான மூடி வேண்டும். கடிக்காத பிள்ளையார் எறும்பாக இருந்தால், நான் அதன் போக்கில் விட்டுவிடுவேன்.