எந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணுவது?

நிகழ்தகவுக் கணக்கில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது வகுப்பதில் இல்லை, எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்பதில்தான். நாசாவின் சேலஞ்சர் விண்ணோடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) வைத்தே பழகிப் பார்ப்போம். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி, உள்ளே இருந்த 7 பேரும் இறந்துபோனார்கள்.

முதலில் கேள்வியை எண்ணக்கூடிய மாதிரி ஒரே வரியில் எழுதுங்கள். "விண்ணோடம் பாதுகாப்பானதா?" என்பதை எண்ண முடியாது. "ஒரு பயணத்தில் திட எரிபொருள் பூஸ்டர் பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு?" என்றால் முடியும். பூஸ்டர் என்பது ஏவும்போது கலத்தை மேலே உந்தித் தள்ளும் துணை ராக்கெட்; சேலஞ்சரில் பழுதானது அதுதான்.

அப்புறம் அது சேரக்கூடிய கூட்டங்களை, பெரியதிலிருந்து சிறியதாக, எண்ணிக்கையோடு எழுதுங்கள். அதுவரை பறந்த ராக்கெட்டுகள்: ஏறக்குறைய 2,900, தோற்றவை 121, அதாவது சுமார் 25-ல் 1. விண்ணோடங்கள் மட்டும்: 24 பயணம், ஒன்றும் அழியவில்லை.

அடுத்ததுதான் கஷ்டமான இடம். சிறிய கூட்டம் நமக்கு நெருக்கமானது, ஆனால் 24 போதாது. பெரிய கூட்டத்திலோ புது ராக்கெட்டுகளின் ஆரம்பகாலத் தவறுகளும் கலந்து கிடக்கின்றன. விபத்தை விசாரித்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அவற்றைத் தள்ளிவிட்டால் 50-ல் 1 பொருத்தமாக இருக்கலாம் என்று எழுதினார். விண்ணோடத்துக்கு இரண்டு பூஸ்டர், ஆகவே ஒரு பயணத்துக்கு 25-ல் 1. சரி, அவ்வளவு ஆபத்தென்றால் 24 முறை எப்படித் தப்பித்தது? 0.96-ஐ 24 முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.38 வரும். மூன்றில் ஒன்றுக்கும் மேல்! அந்தச் சுத்தமான பதிவு எதையும் நிரூபிக்கவில்லை.

ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரிக்கும்போது, அந்த வித்தியாசம் எண்ணை எவ்வளவு மாற்றும் என்று கட்டாயம் கேளுங்கள். மனிதர்கள் போகும் கலம், அதனால் இது வேறு ரகம் என்றது நாசா. அதன் மேலதிகாரிகள் சொன்ன வாய்ப்பு 1,00,000-ல் 1. தினம் ஒன்றாக 300 வருடம் ஏவினாலும் ஒன்றுதான் அழியும் என்று அர்த்தம்! பாகங்களைக் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுத்துச் சோதித்தால் ஒரு பூஸ்டருக்கு 100-ல் 1-க்குக் கீழே வரலாம், 1,000-ல் 1 அன்றைய தொழில்நுட்பத்தில் அநேகமாக எட்டாது என்பது ஃபெய்ன்மன் கணிப்பு. நாசாவின் அந்த நம்பிக்கையின் மேல் 7 பேரை ஏற்றி அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறவில்லை.

2011-ல் நிறுத்தும்வரை விண்ணோடங்கள் 135 முறை பறந்தன. பூஸ்டரால் அழிந்தது 1. 2003-ல் கொலம்பியாவும் அழிந்தது, ஆனால் ஏவும்போது நுரைத் துண்டு இறக்கையில் மோதியதால். அது நம் கேள்விக்குள் வராது. "விண்ணோடமே அழியும் வாய்ப்பு எவ்வளவு?" என்று முதல் வரியைத் திருத்துங்கள், அப்போது அதுவும் சேரும், விடை சுமார் 67-ல் 1 ஆகும்.