கிரவுனில் ஆயில் ஒழுகுதா? சீலைப் பிடுங்குவதற்கு முன்னால்

சூரியநெல்லியில் ஜீப் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் அது ஆயில் ஒழுக்கில் வந்து நிற்கும். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டி ஏறும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். பாதை என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வது. அந்தக் கல்லிலும் குழியிலும் குலுங்குகிற பழைய ஜீப்புக்குக் கிரவுன் பக்கம், அதாவது சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஆக்ஸிலின் நடுவே கியர் இருக்கும் உருண்டைக் கூட்டில், ஒழுகுவதில் ஆச்சரியம் இல்லை. ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். ஒரே சீலை ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை மாற்றுகிறோமே, அதுதான் ஆச்சரியம். நானும் மாற்றியவன்தான்.

"அண்ணா, சீல் போயி" என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியில் இரண்டு நிமிடம்கூடப் படுக்காமல். மாற்றினோம். பத்து நாளில் மறுபடி ஒழுக்கு. மூன்றாவது தடவைதான் பிரீதரைப் பார்க்கத் தோன்றியது. ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்கின் மேல் பக்கம், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி. எங்கள் வண்டியில் அது இருக்கிற இடமே தெரியவில்லை. செம்மண் காய்ந்து சிமென்ட் பூசியதுபோல் இருந்தது. ஓட ஓட ஆக்ஸில் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். வெளியே போக வழியில்லாவிட்டால் அது ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீலாக இருந்தாலும் தள்ளும். மண்ணைச் சுரண்டி, மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். அதற்குப் பிறகு அதே சீல் ஒழுகவில்லை.

பிரீதர் அடைப்பில் இன்னொரு வினையும் உண்டு. சூடான ஆக்ஸிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, சீல் உதட்டு (தண்டில் உரசும் உள்விளிம்பு) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயிலையும் முழுதாக மாற்ற வேண்டும்.

அடுத்தது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமலே கழற்றுவது. கிரவுனைச் சுற்றும் சின்னக் கியர் பினியன்; அதன் தண்டு வெளியே வரும் இடத்தில் இருப்பது பினியன் சீல். அதில் கசியும் ஆயிலை, தண்டின் நுனியில் இருக்கும் யோக் என்ற கவை சுழன்று நாலா பக்கமும் வீசி அடிக்கும். ஹவுசிங் முழுக்க நனைந்து கிடக்கும். முதலில் நன்றாகக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்துப்போய், பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்தால் பிரேக் ஆயில். இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, பினியன் சீல்தான் என்று முடிவாகிவிட்டது. அதை மாற்ற, யோக்கோடு சேர்ந்திருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். இங்கே உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது. சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடித்திருக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றிய நிமிடமே ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியரில் போட்டு நிறுத்தியதற்கும் அர்த்தம் இல்லை. பூப்பாறைப் பக்கம் ஒரு சரிவில் கடைசி போல்ட் வெளியே வந்ததும் என் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் வைத்திருந்த கல்லில் இடித்து நின்றதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சமதளம் தேடுங்கள் (எங்கள் ஊரில் அதுவே பாதி நாள் வேலை), சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

ஆயிலை வடிப்பதற்கு முன்னால் ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியோடு காட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

யோக்கைக் கழற்றும் முன் அதைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆடுகிற தண்டைச் சுற்றி எந்தச் சீலும் நிற்காது. கழற்றிய பிறகு, சீல் உதடு உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும். அதன் மேல் போடுவதற்கு மெல்லிய ஸ்லீவ் கிடைக்கிறது. இல்லையென்றால் யோக்கையே மாற்ற வேண்டும். சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அந்தக் கீறல்களே திருகு மரைபோல் ஆயிலை வெளியே இறைத்துவிடும்.

போடியிலோ தேனியிலோ ஸ்பேர் கடையில் போய் "ஜீப் பின் சீல் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதும் தவறுதான். பழைய வண்டியில் யார் எந்த ஆக்ஸிலை மாற்றி வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கழற்றிய சீலை எடுத்துக்கொண்டு போங்கள், அதன் முகத்தில் அளவும் எண்ணும் இருக்கும். மாட்டும்போது ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே போக வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் சில சுற்றிலேயே காய்ந்து கருகும். சுத்தியலால் ஓர் ஓரத்தில் அடித்தால் சாய்ந்து உட்காரும். சீலின் வெளி விட்டத்துக்கு ஏற்ற குழாய்த் துண்டை வைத்துச் சீராகத் தட்டுங்கள். மேலே சிலிகான் பேஸ்ட்டை அப்புவது சீலைப் பூசி மெழுகுகிற வேலை. உதட்டில் ஒட்டினால் கூடுதல் கேடு.

யோக்கைப் பிடித்திருக்கும் நட்டில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. சில ஆக்ஸில்களில் பேரிங் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகள் தீர்மானிக்கும். வேறு சிலவற்றில் உள்ளே ஸ்பேசர் என்ற, இறுக்க இறுக்க நசுங்கும் ஒரு குழாய் வளையம் இருக்கும். அந்த வகை நட்டை ஏர் கன் (காற்றழுத்தத்தில் முறுக்கும் கருவி) வைத்து முறுக்கினால் ஸ்பேசர் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் இறுகிச் சூடாகிப் போகும். திருப்பித் தளர்த்தினாலும் நசுங்கினது நசுங்கினதுதான். உங்களுடையது எந்த வகை என்று மேனுவலில் பாருங்கள். கழற்றும் முன் நட், தண்டு, யோக் மூன்றிலும் ஒரே கோடாகப் பெயின்ட் அடையாளம் வைத்து, வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

"எப்படியும் ஒழுகத்தானே போகுது" என்று ஓடின என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கிரவுன் பினியன் பல்லோடு பல் வழுக்கி ஓடும் கியர்; கந்தக வாடை அடிக்கும் அந்த 90 நம்பர் ஆயிலில் இருக்கும் சேர்மானம்தான் பல்லைக் காப்பாற்றுகிறது. ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும். அதற்கு மேல் திணித்தால் தானே வெளியேறும், நீங்களும் சீலைத்தான் திட்டுவீர்கள்.

ஒழுக்கு சக்கரப் பக்கம் என்றால் சீலோடு வேலை முடியாது. ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவினால் மேலே காய்ந்ததுபோல் தெரியும். போடிமெட்டில் இருந்து இறங்கும்போது, நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டி டிரம் சூடானதும் உள்ளே ஊறின ஆயில் மறுபடி மேலே வரும். ஷூவை மாற்றுங்கள், அதுவும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் புதுசாக இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அந்த ரோட்டில் இன்னொரு பக்கம் பள்ளம்.