கடலூரிலிருந்து பஸ்ஸில் ஊசுட்டேரி: முதல் முறை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

சொந்த வண்டி இல்லாமல் பறவை பார்க்கப் போக முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறித்தான் ஊசுட்டேரிக்குப் போய்வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு பஸ்தான் நல்லது என்றே சொல்வேன். வண்டி இருந்தால் பத்து நிமிடத்தில் இடம் மாறத் தோன்றும். பஸ்ஸில் வந்தவர் இறங்கிய இடத்திலேயே நிற்பார். நிற்கிறவர் கண்ணுக்குத்தான் பறவை படும்.

ஊசுடு ஏரி என்றும் சொல்வார்கள். புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியில், மறுபாதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008-லும் தமிழ்நாட்டுப் பகுதி 2014-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

1. நாள் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியபின் போங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வலசை வாத்துகள் இருக்கும். எனக்குப் பிடித்தது ஜனவரிக் கடைசி. தண்ணீர் கொஞ்சம் இறங்கி ஓரத்தில் சேறு தெரியும். நெடுங்கால் உள்ளான் மாதிரி சேற்றில் இரை தேடும் பறவைகளுக்கு அது வேண்டும்.

2. முதல் நாள் இரவே பைனாகுலரைச் சரிசெய்வது

8×42 என்று போட்டிருப்பதை வாங்கினால் அல்லது இரவல் பெற்றால் போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இதைவிட அதிக மடங்கு கேட்காதீர்கள். கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகும்.

இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை கொண்டுவாருங்கள். அப்புறம் வலது குழலை மூடிக்கொண்டு, எதிர்வீட்டுக் கம்பியைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகுங்கள். அடுத்து இடதை மூடிக்கொண்டு, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். இனி அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம், நடுச் சக்கரம் ஒன்றே போதும். இதை ஏரிக்கரையில் வைத்துச் செய்தால் காலை வெளிச்சம் வீணாகிவிடும்.

ஒரு நோட்டு, பென்சில், தொப்பி, தண்ணீர், இட்லிப் பொட்டலம். மங்கலான நிறச் சட்டை போடுங்கள்.

3. பஸ்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு சுமார் 25 கிலோமீட்டர். விடியுமுன் ஐந்து மணி வாக்கில் ஏறிவிடுங்கள். முதல் தடவை நான் எட்டு மணிக்குக் கிளம்பி, ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. தண்ணீருக்கு மேல் கானல் அலையடிக்க, நடுவில் கரும்புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் கழிப்பறை போய்விட்டு டீ குடித்துவிடுங்கள். பத்துக்கண்ணு, திருக்கனூர் பக்கம் போகும் பஸ்ஸைத் தேடுங்கள். ஏறுமுன் “ஊசுட்டேரில நிக்குமாண்ணே?” என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இறங்கியதும் திரும்பும் பஸ் எங்கே நிற்கும் என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

4. கரையில் முதல் கால் மணி நேரம்

பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு, கையால் தொடாமல் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பு. எது மிதக்கிறது, எது சேற்றில் நடக்கிறது, எது பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலும் நாமக்கோழிதான் கண்ணில் படும்: உடம்பு முழுக்கக் கருப்பு, நெற்றியில் வெள்ளை நாமம். பெயரை ஒரு தரம் கேட்டால் மறக்காது. நெற்றி சிவப்பாக இருந்தால் அது தாழைக்கோழி.

பறவையைப் பைனாகுலரில் பிடிக்க ஒரு வழி: பறவையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், குழலைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து குழலைப் பார்த்துவிட்டுத் தேடினால் கிடைக்காது.

5. வெள்ளையெல்லாம் ஒரே கொக்கு இல்லை

முதல் பயணத்தில் இதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தாலே நாள் நிறைந்துவிடும். நாம் எல்லாவற்றையும் கொக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அலகையும் காலையும் பாருங்கள்.

அலகு கருப்பு, கால் கருப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. காலைத் தூக்கும்வரை காத்திருங்கள். ஒரு காலைச் சேற்றில் வைத்து நடுக்கி நடுக்கிக் கலக்கும்; மீன் பதறி ஓடும்போது கொத்தும். அந்த மஞ்சள் விரல்கள் தண்ணீரைவிட்டு மேலே வரும் ஒரு நொடியைப் பார்த்துவிட்டால் இந்தக் கொக்கை வாழ்நாளில் மறக்கமாட்டீர்கள்.

கழுத்து நெடுநீளமாக, நடுவில் ஒடிந்தது மாதிரி வளைந்து, வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக மாட்டுக்குப் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. மாட்டின் கால் பட்டுக் கிளம்பும் வெட்டுக்கிளி அதற்கு இரை.

இன்னொன்று ஏமாற்றும். சேற்றோரம் மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக உட்கார்ந்திருக்கும். எழுந்து பறந்தால் பளீரென்று வெள்ளைச் சிறகு. அதுதான் மடையான்.

கொக்குகள் பழகியபின் நத்தைக்குத்தி நாரைக்கு வாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைக் கையாள வசதியான அலகு. பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகமாகவும் இருக்கலாம், பாம்புத்தாராவாகவும் இருக்கலாம். கழுத்து பாம்பு மாதிரி நீண்டு அலகு ஈட்டியாக இருந்தால் பாம்புத்தாரா. வாத்துகளில் ஊசிவால் வாத்தை வாலை வைத்தே சொல்லிவிடலாம். நீலச்சிறகியும் அதுவும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வருகிறவை.

6. எழுதுவது

பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள்: “காக்கை அளவு, அலகு சிவப்பு, சேற்றில் நடந்தது, 3.” நேரத்தையும் போடுங்கள். வீட்டுக்கு வந்து, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் உங்கள் கணக்கு ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

பறவைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். படத்துக்காகக் கரையிலிருந்து கீழே இறங்கி நெருங்கவும் வேண்டாம். ஒரு கூட்டம் பதறி எழுந்தால் மீண்டும் உட்கார்ந்து இரையெடுக்க அதற்கு எவ்வளவோ நேரம் பிடிக்கும்.

7. திரும்புவது

ஒன்பதரைக்குள் வெயில் ஏறிவிடும், கிளம்பிவிடலாம். நேரம் மிச்சமிருந்தால் புதுச்சேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் தொடங்கிய தோட்டம். பெரிய மரங்களின் உச்சியில் “டொக் டொக்” என்று செம்மார்புக் குக்குறுவான் விடாமல் கத்தும்.

மத்தியானத்துக்கு மேல் கடலூர் பஸ் ஏறினால், படி இருக்கும் இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். வெயில் மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்து வயல்கள் தெளிவாகத் தெரியும். நோட்டைப் பைக்குள் வைக்கவேண்டாம். எங்கேனும் டிராக்டர் உழுதுகொண்டிருந்தால் அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வரிசை நடந்து வரும். அலகு மஞ்சளா என்று பாருங்கள்.