பழைய லீவர் ரைஃபிளைக் குழல் கெடாமல் சுத்தம் செய்வது எப்படி? (வின்செஸ்டர் 94, மார்லின் 336)

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடம் இன்றும் புழங்கும் பழைய லீவர் ரைஃபிள்களில் (விசையைச் சுற்றியுள்ள லீவரைத் திறந்து மூடித் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகள்), சுட்டுத் தேய்ந்த குழல்களைவிடத் தவறாகச் சுத்தம் செய்து தேய்ந்தவையே அடிக்கடி கண்ணில் படுகின்றன. காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94-இல் குழலின் பின்வாயை மூடும் எஃகுத் துண்டான போல்ட்டைச் சுலபமாகக் கழற்ற முடியாது. அதனால் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியான ராடை நேராக விட வழியில்லை, முன்னால் குழல்வாய் வழியாகத்தான் விட வேண்டும். துண்டு துண்டாக இணைக்கும் எஃகு ராடை அப்படி விட்டுவிட்டு எடுத்தால், வாயோரத்தில் குண்டைச் சுழல வைக்கும் சுழல்வரிகள் ஒரு பக்கமாகத் தேய்கின்றன. குண்டு வெளியேறும் கணத்தில் அந்தத் தேய்ந்த பக்கமாக வாயு முந்திப் பீறிடும், குண்டு குறி விலகும். குழலின் மற்ற பகுதி எத்தனை பளபளப்பாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் குழல்வாயைக் காப்பதுதான் முதல் வேலை.

தேவையானவை

.30 அங்குலக் குழல் துளைக்கான, பூச்சு போட்ட அல்லது கார்பன் ஃபைபரால் ஆன, இணைப்பில்லாத ஒரே ராட். நீளம் 36 அங்குலம் இருந்தால் 26 அங்குலக் குழலுக்கும் போதும். குழல்வாயில் பொருத்தும் பித்தளைக் கூம்பு ஒன்று. ராடை நடுவில் நிறுத்தி வைப்பது இதுதான், இது இல்லாமல் 94-இல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். வெண்கல பிரஷ், நைலான் பிரஷ், பருத்தித் துணித் துண்டுகள், சாதாரணக் கரைப்பான், செம்புக் கரைப்பான், மெல்லிய எண்ணெய், கொஞ்சம் கிரீஸ். திருப்புளியின் முனை ஸ்குரூவின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். வீட்டில் கிடக்கும் ஆப்பு முனைத் திருப்புளி பள்ளத்தின் விளிம்பைக் கிழித்துவிடும், அந்தக் காயம் பழைய துப்பாக்கியின் விலையையே இறக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

1. தோட்டா இல்லை என்று உறுதி செய்தல்

குழலை ஆபத்தில்லாத திசையில் நீட்டி, விசையில் விரல் படாமல், தோட்டா வெளிவருவது நிற்கும் வரை லீவரைத் திறந்து மூடுங்கள். இதோடு முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் நெளிவு இருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, உள்ளே ஒரு தோட்டா சிக்கி நின்று, பிறகு ஒரு தட்டலில் வெளியே வரும். லீவரைத் திறந்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேகசின் வாயில் தோட்டாவைத் தள்ளும் மூடி தெரிய வேண்டும். தோட்டாவைத் தூக்கும் தட்டு காலியாக இருக்க வேண்டும். தோட்டா அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எடுத்த தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

2. முதலில் தண்ணீரா, கரைப்பானா?

இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டா சுட்டிருந்தால் நேராக மூன்றாம் படிக்குப் போகலாம். கரிமருந்துத் தோட்டாவோ, அரிக்கும் பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) கொண்ட பழைய தோட்டாவோ சுட்டிருந்தால், எண்ணெயைத் தொடும் முன் தண்ணீர். அந்தக் காலப் பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது. அது உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் தடவிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியவர்களின் குழல்தான் அடியில் துருப்பிடிக்கிறது.

வெந்நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, அதில் நனைத்த துணித் துண்டுகளைக் கருமை போகும் வரை விடுங்கள். பிறகு வெறும் வெந்நீரில் நனைத்தவை, கடைசியில் உலர்ந்தவை. கரிமருந்து என்றால் போல்ட்டின் முகத்தையும் தோட்டா தூக்கும் தட்டையும் ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள். பழைய வின்செஸ்டர் 1873-இல் .44-40 என்ற வகைத் தோட்டா சுடுபவர்களுக்கு இந்த இடத்தில் வேலை குறைவு. அந்தத் தோட்டாக் கூட்டின் கழுத்து மெல்லியது, வெடிக்கும்போது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், புகை பின்னால் அதிகம் கசியாது.

3. 94-இன் குழல்

லீவரைத் திறந்து, போல்ட் ஓடும் எஃகுக் கூடான ரிசீவருக்குள் ஒரு பழைய துணியைத் திணியுங்கள். துப்பாக்கியைத் தலைகீழாக, குழல்வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் கரைப்பான் பின்னால் வழிந்து கட்டைக்குள் இறங்காது. ராட் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வெளியே வைத்து அளந்து, அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். போல்ட் முகத்தில் ராட் மோதக் கூடாது.

கரைப்பானில் நனைத்த இரண்டு துண்டுகளை விட்டு, பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு வெண்கல பிரஷ், பத்து முறை. பிரஷ் தோட்டா அறை வரை முழுதாகப் போன பிறகுதான் திரும்பி இழுக்க வேண்டும். குழலின் நடுவில் திசை மாற்றினால் முட்கள் வளைந்து சிக்கிக்கொள்ளும். அழுக்குத் துண்டை மறுபடி வாய் வழியாக இழுக்காமல், ரிசீவர் பக்கமே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ராடைத் துடையுங்கள், அதில் ஒட்டிய மண்ணும் கரியும் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

அடுத்து, குண்டின் மேலுறையிலிருந்து குழலில் படியும் செம்பு. அது கரைந்தால் துணி நீலமாகும். செம்புக் கரைப்பானை நைலான் பிரஷ்ஷில் மட்டும் போடுங்கள். வெண்கலத்தையும் அது கரைப்பதால், வெண்கல பிரஷ் பயன்படுத்தினால் சுத்தமான குழலிலும் துணி நீலமாகத்தான் வரும், முடிவே இல்லாமல் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே விட வேண்டாம். ஈயக் குண்டு சுட்டவர்களுக்குச் செம்பு அல்ல, ஈயப் படிவுதான் தொல்லை. அதற்குத் தேய்ந்த பிரஷ்ஷில் தூய செம்புக் கம்பி வலையைச் சுற்றித் தேய்த்தால் ஈயம் செதில் செதிலாக வரும்.

4. மார்லின் 336: பின்பக்கமிருந்து

1948-இல் வந்த 336-இல் இந்தத் தலைவலி கிடையாது. லீவரைப் பாதி திறந்து, அது சுழலும் இடத்து ஸ்குரூவைக் கழற்றி, லீவரைக் கீழே இழுங்கள். போல்ட்டைப் பின்னால் உருவலாம், பிறகு ராடைப் பின்பக்கமிருந்து விட்டு மூன்றாம் படியில் சொன்னபடியே சுத்தம் செய்யலாம். உள்ளே இடது சுவரில் இருக்கும் எஜெக்டர் என்ற சிறு தகடு தானாகக் கழன்று விழும். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று முதலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் வெளியே இருக்கும்போது விசையை இழுக்க வேண்டாம், சுடும் ஊசியைத் தட்டும் ஹேமர் பாய்ந்து ரிசீவரில் அடிக்கும்.

மாட்டும்போது முதலில் எஜெக்டர், அதன் குமிழ் சுவரின் துளையில் உட்கார வேண்டும். பிறகு போல்ட், அதன் பள்ளம் எஜெக்டரின் மேல் வழுக்கி வரும்படி. போல்ட்டை முழுதாக முன்னால் தள்ளாமல் சிறிது பின்னால் நிறுத்தி, லீவரின் முனையைப் போல்ட்டின் அடிப் பள்ளத்தில் நுழையுங்கள். லீவர் ஏற மறுத்தால் தட்ட வேண்டாம். போல்ட்டை ஒரு நூல் முன்பின் நகர்த்தினால் தானே ஏறும்.

5. மேகசினும் எண்ணெயும்

மேகசின் முனை ஸ்குரூவைக் கழற்றும்போது முகத்தை விலக்கி, மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிங் குழாயைவிட நீளம், அதனால் பாய்ந்து வரும். குழாயை உலர்ந்த துணியால் துடைத்து அப்படியே மூடுங்கள். இங்கே எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் ஊறினால் மருந்து செத்துவிடும், விசையை இழுத்தால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

போல்ட்டைப் பூட்டும் பாகத்தில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், லீவர் சுழலும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். நவம்பர் மாதப் பனியில் வேட்டைக்குப் போகும் துப்பாக்கியின் சுடும் ஊசியில் எண்ணெய் நிறைய இருந்தால் அது கெட்டியாகி, ஊசி மந்தமாகி, பிரைமரை அரைகுறையாகத் தட்டும்.

6. வைப்பதும் சரிபார்ப்பதும்

குழலில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். வாய் மேலே இருக்க நிறுத்தினால் எண்ணெய் இறங்கி, ரிசீவருக்குப் பின்னால் உள்ள மரம் கறுத்து மெத்தென்று ஆகும். தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும். வெளியே உள்ள பழுப்பு நிறத்தைப் பாலிஷ் போட்டு நீக்கவும் வேண்டாம், பழைய வின்செஸ்டரைச் சேகரிப்பவர்கள் தேடுவது அந்த இயற்கையான முதுமையைத்தான்.

மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணித் துண்டை விட்டுப் பாருங்கள். வெள்ளையாகவோ லேசான சாம்பலாகவோ வந்தால் சரி. செம்மண் நிறத்தில் வந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, இரண்டாம் படியில் வெந்நீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வேட்டைக்குக் கிளம்பும் அன்று உலர்ந்த துண்டு ஒன்றை விட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள். எண்ணெய் உள்ள குழலிலிருந்து போகும் முதல் குண்டு மற்றவை விழும் இடத்தில் விழாது.