வரும் ஃபேக்ஸ் நேராக மெயிலுக்கு வர

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல அலுவலகங்களில் ஃபேக்ஸ் எண் இன்னும் உயிரோடு இருக்கிறது, தாள்தான் வீண். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஹைலாஃபேக்ஸ் என்ற இலவச ஃபேக்ஸ் மென்பொருளை நிறுவி, ஒரு ஃபேக்ஸ் மோடத்தை இணைத்தால் போதும். அதன் ஃபேக்ஸ்டிஸ்பேட்ச் (FaxDispatch) என்ற அமைப்புக் கோப்பில் சென்ட்டூ (SENDTO) என்ற இடத்தில் மெயில் முகவரியும், ஃபைல்டைப் (FILETYPE) என்பதில் பிடிஎஃப்-உம் கொடுங்கள். தனி ஆளின் முகவரி வேண்டாம், பொது முகவரியே நல்லது. ஒருவர் லீவு போட்டாலும் ஆர்டர் கண்ணில் படும்.

மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா? அனுப்புநர் முகவரி 'ஃபேக்ஸ்@லோக்கல்ஹோஸ்ட்' போல இருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். அந்தக் கணினியில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை அலுவலக மெயில் சர்வர் வழியாக, 587 போர்ட்டில், பாஸ்வேர்டுடன் அனுப்பச் செய்து, அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையே வையுங்கள்.

ஃபைபர் இணைப்பில் பக்கம் பாதியில் அறுந்தால் பெரும்பாலும் மோடம் மேல் தவறில்லை. ஃபோன் ஒலி இணையம் வழியே சிறு சிறு பாக்கெட்டாகப் போகும்போது சில தொலைந்துவிடும். ஃபேக்ஸை இணையம் வழியே அனுப்புவதற்கென்றே உள்ள டி.38 வசதி இருந்தால் இயக்குங்கள்; இல்லையென்றால் ஜி.711 என்ற ஒலி கோடெக்கில் வைத்து ஃபேக்ஸ் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்குக் குறையுங்கள். கால் வெயிட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள், அந்த 'பீப்' ஒன்றே பக்கத்தைக் கெடுக்கும்.

இன்னும் செம்புக் கம்பி லைன்தான் என்றால், ஐப்பசி இடிமழைக்கு முன் மோடத்துக்கு சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். மின்சார பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மின்னல் டெலிபோன் கம்பி வழியாகவும் வரும்.