கிரிக்கெட் மேனேஜர் கேம்: இளம் வீரரை வளர்ப்பது எப்படி?

கிரிக்கெட் மேனேஜர் கேமில் (நாமே ஆடாமல், ஆட்களை வாங்கி விற்று, பயிற்சி கொடுத்து அணியை நடத்தும் கேம்) புதிதாக அணி எடுத்தவர்கள் பலர், கையில் இருக்கிற காசையெல்லாம் கொட்டி 30 வயது ஸ்டார் ஒருவரை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு சீசன் போனால் அவர் இறங்குமுகம், கல்லாவும் காலி. பையன்களை எடுத்து வளர்ப்பதுதான் நின்று பிடிக்கும். கேமுக்குக் கேம் மெனு மாறும். உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

படி 1: வயதைப் பாருங்கள்

திறன் சமமாக இருந்தால் 19 வயதுக்காரனை விட்டுவிட்டு 16 வயதுக்காரனை எடுங்கள். அதே பயிற்சிக்குச் சின்னவன் வேகமாக ஏறுவான். வயதோடு நாள் கணக்கும் காட்டினால் அதையும் கவனியுங்கள். இப்போதுதான் 16 ஆனவனும் அடுத்த வாரம் 17 ஆகப் போகிறவனும் ஒன்றல்ல.

படி 2: ஒரே ஒரு வேலை கொடுங்கள்

நம்ம கண்டிப் பிள்ளை முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகம்தான் போட்டார். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லி ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினார்; டெஸ்டில் 800 விக்கெட். மாற்றுவதென்றால் அந்த வயதில் மாற்ற வேண்டும். கேமிலும் 20 வயதில் மாற்றினால் அதுவரை கொடுத்த பயிற்சி வீண்.

ஒரு பையனின் பக்கத்தைத் திறக்கிறீர்கள்: சுழற்பந்து 6, துடுப்பாட்டம் 4, களத்தடுப்பு 3. மூன்றையும் ஏற்றி சகலதுறை வீரராக்கக் கை அரிக்கும். களத்தடுப்பு சட்டென்று 4 ஆகும், பார்க்கவும் சந்தோஷமாக இருக்கும். 6ஐ 7 ஆக்கத்தான் வாரக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் மேலே போகப் போக ஏற்றம் மெதுவாகும். ஆனாலும் விக்கெட் எடுத்துத் தருவது அந்தச் சுழற்பந்துதான். அதிலேயே வையுங்கள். துடுப்பாட்டத்தை மறந்துவிடுங்கள், பதினோராவது ஆளாக வந்து போகட்டும்.

சில கேம்களில் ஆளுக்கு ஆள் தனிப் பயிற்சி கிடையாது, முழு அணிக்கும் ஒன்றுதான். அப்படியானால் ஒரே வகை ஆட்களாகச் சேர்த்து வையுங்கள்.

படி 3: மேட்ச் கொடுங்கள்

வலைப்பயிற்சியில் திறன் ஏறும், அனுபவம் ஏறாது. சிநேகபூர்வப் போட்டி இருந்தால் விடாதீர்கள். துடுப்பாட்டக்காரனை எட்டாவதாக அனுப்பி என்ன பயன்? மூன்றாவதாக இறக்குங்கள். வேகப்பந்துக்காரர் சீக்கிரம் களைப்பார், ஒரு மேட்ச் விட்டு ஒரு மேட்ச் போடுங்கள்.

மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் தோட்டப் பக்கம் கரண்டும் போகும், சிக்னலும் போகும். அணித்தேர்வையும் பயிற்சியையும் கடைசி நிமிடத்துக்கு வைக்காமல் முன்கூட்டியே சேவ் பண்ணிவிடுங்கள்.

படி 4: இளையோர் அணியிலிருந்து பெரிய அணிக்கு ஏற்றுவது

பதினொருவரில் இடம் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். சும்மா பெஞ்சில் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டாம். அந்த இடத்தில் இருந்த பழையவரை விலை இறங்குமுன் விற்றுவிடலாம். புதுப் பையன் முதல் நாலைந்து மேட்ச் அடி வாங்குவான். அதைப் பார்த்து உடனே வெளியே தூக்கிப் போடாதீர்கள், அனுபவம் ஏறத் தொடங்குவதே அப்போதுதான்.